சபைக்கே முதற்பாடம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

போற்றப்பட்ட ஒரு கிறிஸ்தவ ஊழியர் ஊரறிய வீழும்போது பாடம் கற்கவேண்டியவர் அவரா, அவரைப் போற்றிய சபையா என்பது இன்றைய வழக்கு. சபையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் தாவீது அரசனைச் சாட்சிக்கு அழைத்து, ஒரு மனிதனின் இச்சையும் மனந்திரும்புதலுமே முழுக்கதை என்றார். அந்தச் சாட்சியைச் சற்றுக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதியுங்கள். வேதாகமத்தின் இரண்டாம் சாமுவேல் 11ஆம் அதிகாரத்தில், அரசன் இச்சித்த பத்சேபாள் அவன் படைவீரன் உரியாவின் மனைவி என்று அரசனுக்குத் தெரிவிக்கப்படுகிறது. தெரிந்த பிறகும் ஆட்கள் போய் அவளை அழைத்து வருகிறார்கள். உரியாவைச் சாகக்கொடுக்கும்படி எழுதிய கடிதத்தை அந்த உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்புகிறான் அரசன். அதை வாசித்த படைத்தலைவன் யோவாப் மறுபேச்சின்றி அவனை எதிரியின் பலசாலிகள் நிற்கும் இடத்தில் நிறுத்துகிறான். இத்தனை கைகள் உதவாமல் அந்தப் பாவம் அரண்மனை வாசலைத் தாண்டியிருக்குமா? எதிரணி உருக்கமாகப் பாடிக்காட்டிய, தாவீதின் மனந்திரும்புதலைச் சொல்லும் 51ஆம் சங்கீதமும், "நீயே அந்த மனுஷன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்ல நாத்தான் என்னும் தீர்க்கதரிசி ஒருவன் இருந்ததால் பிறந்ததுதான்.

இனி நம் காலத்துக்கு வருவோம். சென்னையில் பிறந்து, விசுவாசத்துக்காக உலக மேடைகளில் வாதாடிய ரவி சகரியாஸ் 2020 மே மாதம் மறைந்தபோது புகழஞ்சலிகள் குவிந்தன. அவர் நிறுவிய ஊழிய நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர்களின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளியாகி, மசாஜ் சிகிச்சையாளர்களான பெண்களிடம் அவர் பாலியல் அத்துமீறல் செய்துவந்ததை உறுதிசெய்தது. இதில் என் நெஞ்சை அதிகம் உறுத்துவது 2017ஆம் ஆண்டு. அப்போதே வேறொரு பெண் அவர்மீது குற்றம் சாட்டியிருந்தார். சகரியாஸ் மறுத்தார், நிறுவனம் அவர் பக்கமே நின்றது. அந்தப் பெண்ணை நம்பாமல் போனது தவறு என்று நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டபோது, குற்றம் செய்தவர் கல்லறையில் இருந்தார். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களோடு சேர்ந்து வாழும் லார்ஷ் சமூகத்தைத் தொடங்கிய ழான் வானியேயின் அத்துமீறல்களும் 2019இல் அவர் இறந்த பின்னரே ஊருக்குத் தெரிந்தன. இறந்தவர் இனி எந்தப் பாடத்தைக் கற்பார், நடுவர் அவர்களே?

"அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்ற வசனத்தை எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேடயமாகப் பிடித்தார். தன்னைக் கொல்லத் தேடிய சவுல் அரசனைக் குகையில் கொல்ல மறுத்த தாவீது, அதே நாளில் குகைக்கு வெளியே நின்று, தன்னைத் துரத்துவது அநியாயம் என்று சவுலைக் கூப்பிட்டு உரத்துச் சொன்னதை அவர் ஏனோ வாசிக்கவில்லை. கையோங்காமல் இருப்பதற்கும் வாய்மூடி இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை வேதம் அறியும். சபை மூப்பர்மேல் வரும் புகாரை இரண்டு மூன்று சாட்சிகளோடு ஏற்கச் சொன்ன அப்போஸ்தலன் பவுல், அடுத்த வசனத்திலேயே, பாவம் செய்தவர்களை "எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்" என்று தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். முதல் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் நாம் இரண்டாவதை எளிதாகத் தாண்டிவிடுகிறோம்.

தனிமனிதனின் மனந்திரும்புதலே போதும் என்னும் எதிரணியிடம் ஒன்று கேட்டு அமர்கிறேன். 2017இல், சகரியாஸ் குற்றத்தை மறுத்துக்கொண்டிருந்த வேளையில், குற்றம் சாட்டிய அந்தப் பெண் யாரிடம் போய் நின்றிருக்கவேண்டும்?