காதிரைச்சலும் ஊட்டச்சத்து மாத்திரைகளும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

காதில் ஓயாது கேட்கும் இரைச்சலைத் தணிக்கும், செவி நரம்புகளுக்கு வலுவூட்டும் என்ற வாசகங்களோடு விற்கப்படும் ஊட்டச்சத்து மாத்திரைகளைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் மருந்தாளராக நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், இத்தகைய புட்டிகளை விற்ற கை என்னுடையது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெளியே ஒலி எதுவும் எழாதபோதும் காதுக்குள் ரீங்காரமோ சீழ்க்கையோ நீராவி சீறுவது போன்ற ஓசையோ கேட்பதைக் காதிரைச்சல் என்கிறோம். பெரும்பாலோருக்கு இது செவித்திறன் குறைவோடு சேர்ந்தே வருகிறது. உட்செவியில் நத்தைக்கூட்டு வடிவிலுள்ள உறுப்பில் நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. முதுமையாலும் பேரிரைச்சலாலும் அவை அழிகின்றன. மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. நிலையத்தின் அலை மங்கும்போது நாம் வானொலிப் பெட்டியின் ஒலியைக் கூட்ட, பேச்சோடு கரகரப்பும் சேர்ந்து பெருகுகிறதல்லவா? அப்படித்தான், காதிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். டர்பனின் ஜேக்கப்ஸ், மொபேனி பகுதித் தொழிற்சாலைகளில் இயந்திரங்களுக்கு நடுவே பல்லாண்டு உழைத்த நம் தாத்தாமார்களுக்கும் ஆயாமார்களுக்கும் இந்தத் தொல்லை வருவதில் வியப்பில்லை. அழிந்த அந்தச் செல்களை மீட்டுத் தரும் மாத்திரை இன்றுவரை எந்தப் புட்டியிலும் இல்லை.

காதுக்கென விற்கப்படுபவற்றில் மிகுதியாக ஆராயப்பட்டது ஜிங்கோ பைலோபா என்னும் மரத்தின் இலைச்சாறு. பிரித்தானியாவில் காதிரைச்சல் உள்ள 1,121 பேரைக் கொண்டு நடந்து 2001ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஒரு பாதியினர் 50 மில்லிகிராம் ஜிங்கோவை நாள்தோறும் மூன்று வேளையும், மறுபாதியினர் அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையையும் 12 வாரம் உட்கொண்டனர். இரு சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, நீடித்துத் தொல்லை தரும் காதிரைச்சலுக்கு ஜிங்கோ, உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின், துத்தநாகம் போன்ற எந்த ஊட்டச்சத்து மாத்திரையையும் பரிந்துரைக்க வேண்டாம் என்றே மருத்துவர்களுக்குச் சொல்கிறது. மெக்னீசியத்தைப் பொறுத்தவரை, பேரிரைச்சலுக்கு ஆளாகுமுன் கொடுத்தால் காதை ஓரளவு காக்குமா என்று பார்த்த ஆய்வுகள் உண்டு. ஏற்கெனவே வந்துவிட்ட இரைச்சல் அடங்கும் என்பதற்கு அவை சான்றாகா.

"எனக்குக் குணம் தெரிந்ததே" என்று சிலர் கேட்கக்கூடும். காதிரைச்சல் உள்ள, 53 நாடுகளைச் சேர்ந்த 1,788 பேரிடம் விவரம் கேட்டு 2016இல் வெளியான ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களுள் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் எந்தப் பயனும் இல்லை என்றனர். 19 விழுக்காட்டினர் குறைந்தது என்றனர். 10 விழுக்காட்டினர் கூடியது என்றனர். காதிரைச்சல் இயல்பாகவே ஏறி இறங்கும் தன்மையுடையது. அது உச்சத்தில் இருக்கும் வாரத்தில்தான் நாம் மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். பிறகு அது தானாகத் தணியும்போது பெருமை புட்டிக்குப் போய்விடுகிறது.

ஃபோலிக் அமிலம் என்னும் பி வைட்டமினைப் பொறுத்தவரை நம் நாட்டுக்கே உரிய ஒரு செய்தி உண்டு. முதியவர்கள் மூன்றாண்டுக் காலம் நாள்தோறும் ஃபோலிக் அமிலம் உட்கொண்டதால் தாழ்ந்த சுரங்களைக் கேட்கும் திறன் குறையும் வேகம் சற்றே மட்டுப்பட்டதாக நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2007இல் அறிவித்தது. விளம்பரங்களில் ஃபோலிக் அமிலத்துக்கு இடம் கிடைக்க இத்தகைய ஆய்வுகளே காரணம். அந்த வேறுபாடு 0.7 டெசிபெல் மட்டுமே; அன்றாடப் பேச்சில் காது அதை உணரவே உணராது. மேலும், அது உணவில் ஃபோலிக் அமிலம் சேர்க்கப்படாத நாட்டில் நடந்த ஆய்வு. தென்னாப்பிரிக்காவிலோ 2003 அக்டோபர் முதல், நாம் மீலி மீல் என்று சொல்லும் சோளமாவிலும் கோதுமை மாவிலும் ஃபோலிக் அமிலம், துத்தநாகம், இரும்பு உள்ளிட்ட சத்துகளைச் சேர்ப்பது சட்டம். காலையில் ரொட்டி தின்றவர் அதே சத்தை மீண்டும் புட்டியில் விலை கொடுத்து வாங்குகிறார்.

வைட்டமின் பி12இன் நிலை வேறு. நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் நெடுநாள் உட்கொள்வோர், இறைச்சியும் மீனும் முட்டையும் தொடாதோர், முதியோர், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து எடுப்போர் ஆகியோருக்கு பி12 குறைய வாய்ப்புண்டு. நீரிழிவு மிகுந்துள்ள நம் இந்தியச் சமூகத்தில் இதைப் பொருட்படுத்தாமல் விட முடியாது. இரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தால் நரம்பு நலத்துக்காகவே அதை நிறைவு செய்தாக வேண்டும். அதனால் காதிரைச்சலும் அடங்கும் என்று மட்டும் யாரும் உறுதியளிக்க முடியாது.

"இயற்கைப் பொருள்தானே, கெடுதல் என்ன?" என்ற பேச்சு எனக்கு எப்போதுமே எரிச்சலூட்டுவது. இரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரினோ ஆஸ்பிரினோ எடுப்பவர் ஜிங்கோவைச் சேர்த்துக்கொண்டால் இரத்தக்கசிவு அபாயம் கூடலாம். துத்தநாகம் நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நெடுநாள் சென்றால் உடலில் செம்புச் சத்து குன்றும். வைட்டமின் பி6 அளவு மிஞ்சினால் கைகால் நரம்புகளே பழுதாகும். வாங்குமுன் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டின் சிற்றெழுத்தைப் படியுங்கள். இத்தகைய ஊட்டச்சத்து மாத்திரைகள் அடங்கிய, பதிவு பெறாத துணைமருந்துகளின் மேல், அவற்றின் தரத்தையும் பாதுகாப்பையும் நம் மருந்து ஒழுங்குமுறை ஆணையமாகிய சாப்ரா மதிப்பிடவில்லை என்ற அறிவிப்பு இருக்க வேண்டும் என்பது விதி.

அந்தப் பணத்தைச் செவித்திறன் பரிசோதனைக்குச் செலவிடுமாறு நான் சொல்வேன். செவித்திறன் குறைந்தவருக்குக் காதுக்கருவி இரைச்சலையும் மறக்கச் செய்வதுண்டு. இரவில் மெல்லிய ஒலியொன்றை ஓடவிடுவது உறக்கத்துக்கு உதவலாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பயிற்றும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை இரைச்சலால் வரும் மனத்துன்பத்தைக் குறைப்பதற்கு நல்ல சான்று உண்டு. நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மிகுந்த அளவு ஆஸ்பிரின், மலேரியாவுக்குத் தரும் குயினைன், சிறுநீரைப் பெருக்கும் சில நீரிறக்கி மருந்துகள் ஆகியவை காதைத் தாக்கக்கூடியவை. ஆயினும் மருத்துவரைக் கேளாமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

இரைச்சல் ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித்துடிப்போடு ஒத்து அடித்தாலோ, தலைச்சுற்றல் உடன் வந்தாலோ மருத்துவரைக் காண்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு காது திடீரென்று கேளாமற்போனால் அது அவசர நிலை. ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குச் செவித்திறன் மீள வாய்ப்பிருப்பதால், எந்த மாத்திரைப் புட்டியையும் தேடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.