ப்ரோபயாட்டிக் மாத்திரை போட்டா நல்ல பாக்டீரியா குடல்ல தங்குமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. ஒரு நேயர் அனுப்பியிருக்காங்க, அப்படியே படிக்கிறேன். "சார், ஆன்ட்டிபயாட்டிக் கோர்ஸ் முடிஞ்சதுல இருந்து வயிறு ஒரு மாதிரியாவே இருக்கு, உப்புசம், காலைல சரியா போகவும் மாட்டேங்குது. அதுக்காக ஒரு மாசமா ப்ரோபயாட்டிக் மாத்திரை போடுறேன், பெருசா மாற்றம் ஒண்ணும் தெரியல. நல்ல பாக்டீரியாவ உள்ள அனுப்பினா அது தங்காதா? குடல் சரியானா எடை, மனசு, தூக்கம் எல்லாமே சரியாகிடும்னு சொல்றாங்களே, உண்மையா?"

மொத கேள்விக்கு நேரடியா பதில் சொல்லிடறேன். பெரும்பாலும் தங்காதுங்க. ஏன்னு கேட்டா, கணக்க பாருங்க. நம்ம உடம்புல இருக்குற பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, 2016ல வந்த கணக்கு இது, அதுல பெரும்பகுதி பெருங்குடல்லதான் இருக்கு. (உடம்புல உள்ள செல்லவிட பாக்டீரியா பத்து மடங்குன்னு இன்னும் சொல்லிட்டே இருக்காங்க, அது பழைய கதை, நம்ம செல் ஒரு 30 லட்சம் கோடி வரும், கிட்டத்தட்ட சரிக்கு சமம்தான்.) இப்ப உங்க மாத்திரை டப்பால 1000 கோடின்னு பெரிய எழுத்துல போட்டிருப்பாங்க, படிச்சா மலைப்பா இருக்கும், ஆனா வகுத்து பாருங்க, உள்ள இருக்குறதுல 3800ல ஒரு பங்கு. அதுலயும் வயித்து ஆசிட்ல கொஞ்சம் செத்துரும். மிச்சம் போய் சேர்றது ஏற்கனவே படிக்கட்டு வரைக்கும் ஆள் தொங்குற பஸ்ல ஏறப் போற மாதிரிதான். கொஞ்ச நாள் கூடவே வரும், மாத்திரைய நிறுத்தினா பெரும்பாலும் வெளிய போயிடும்.

அப்போ மாத்திரையே வேஸ்ட்டான்னு கேப்பீங்க, அப்படியும் சொல்ல மாட்டேன். ஆன்ட்டிபயாட்டிக் சாப்பிடும்போதே வர்ற வயித்துப்போக்க குறைக்க சில வகைகள் உதவுதுன்னு ஆய்வுகள் இருக்கு, டாக்டர் அதுக்காக எழுதிக் குடுத்தா போடுங்க. ஆனா கோர்ஸ் முடிஞ்சப்புறம் நாமளா வாங்கி மாசக்கணக்குல போடுறது வேற விஷயம். இஸ்ரேல்ல வைஸ்மன் இன்ஸ்டிட்யூட்ல பண்ண ஆய்வு 2018ல வந்துச்சு, சின்ன ஆய்வுதான், 21 பேர். ஆன்ட்டிபயாட்டிக் முடிச்ச கையோட ஒரு குரூப்புக்கு ப்ரோபயாட்டிக் குடுத்தாங்க, ஒரு குரூப்ப சும்மா விட்டுட்டாங்க. சும்மா விட்டவங்களுக்குத்தான் அவங்களோட சொந்த பாக்டீரியா சீக்கிரமா பழைய நிலைக்கு திரும்புச்சு, ப்ரோபயாட்டிக் சாப்பிட்டவங்களுக்கு லேட் ஆச்சு. இத வச்சு எல்லா மாத்திரையும் கெடுதல்னு முடிவு கட்ட வேண்டாம், ஆனா "போட்டு வைப்போம், நல்லதுதானே"ன்னு யோசிக்காம போடுறதுக்கு முன்னாடி இத ஞாபகம் வச்சுக்கோங்க.

என் கருத்து என்னன்னா, வெளியில இருந்து புதுசா ஆள் அனுப்புறத விட உள்ள மிச்சம் இருக்குறதுக்கு சாப்பாடு போடணும். இங்கதான் நிறைய பேருக்கு விஷயம் புரியறதில்ல. நாம சாப்பிடுற சர்க்கரை, கொழுப்பு, முக்கால்வாசி புரதம் எல்லாம் சிறுகுடல்லயே உறிஞ்சிடுது, பெருங்குடல் வரைக்கும் போய் சேராது. நம்மால செரிக்க முடியாத நார்ச்சத்துதான் போகும், அத உடைக்கிற என்சைம் நம்மகிட்ட இல்ல, பாக்டீரியாகிட்ட இருக்கு. ஆக நீங்க எவ்ளோ நல்லா சாப்பிட்டாலும் நார் இல்லன்னா அவங்க பட்டினி.

நார் போய் சேர்ந்தா அத புளிக்க வச்சு அசிட்டேட், ப்ரோபியோனேட், பியூட்டிரேட்னு மூணு முக்கியமான அமிலங்கள் பண்றாங்க. இதுல பியூட்டிரேட்ட மட்டும் கொஞ்சம் கவனிங்க. பெருங்குடலோட உள்சுவர்ல இருக்குற செல்களுக்கு தேவையான எனர்ஜில சுமார் 70 சதவீதம் இதுல இருந்துதான் வருது. அதாவது நம்ம செல்லு, ஆனா அதுக்கு சாப்பாடு ரத்தத்துல இருந்து வர்றது கம்மி, பாக்டீரியா சமைச்சு குடுக்கறததான் அதிகம் நம்பி இருக்கு. நார் கிடைக்கலன்னா என்ன ஆகும்? எலிகள்ல பாத்திருக்காங்க, சில பாக்டீரியா குடல் சுவர் மேல இருக்குற சளிப்படலத்தையே திங்க ஆரம்பிச்சிடுது. அந்தப் படலம்தான் பாக்டீரியாவையும் சுவரையும் பிரிச்சு வைக்குது, அது மெலிஞ்சா கிருமி ஈசியா உள்ள நுழையும், அழற்சி வரும். மனுஷங்களுக்கும் அப்படியே நடக்கும்னு எலிய வச்சு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா நார்ச்சத்து நிறைய சாப்பிடுறவங்களுக்கு பெருங்குடல் கேன்சர், ஹார்ட் பிரச்சனை, டைப் 2 சுகர் கம்மியா வருதுங்கறது பல நாட்டு ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப வர்ற விஷயம்.

எவ்ளோ சீக்கிரம் மாறும்னா, ரொம்ப சீக்கிரம். 2014ல அமெரிக்கால ஒரு சின்ன குரூப்புக்கு அஞ்சு நாள் முழுக்க கறி, முட்டை, சீஸ்னு குடுத்தாங்க, இன்னொரு அஞ்சு நாள் முழுக்க தானியம், பருப்பு, காய், பழம். சாப்பாடு குடல் போய் சேர்ந்த ஒரே நாள்ல பாக்டீரியா கூட்டம் மாற ஆரம்பிச்சுடுச்சு. சந்தோஷப்படாதீங்க, சோதனை முடிஞ்சு ரெண்டு நாள்லயே பழையபடி திரும்பிடுச்சு. அதனாலதான் ஏழு நாள் குடல் க்ளீனிங்னு விக்கிறாங்களே, அத பாத்தா எனக்கு சிரிப்புதான் வரும். 2015ல வந்தது இன்னும் சுவாரசியம். தென்னாப்பிரிக்கா கிராமத்து ஆளுங்க 20 பேர், அமெரிக்கால இருக்குற ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 20 பேர், ரெண்டு குரூப்புக்கும் சாப்பாட்ட ரெண்டு வாரம் மாத்திப் போட்டாங்க. நார் கூடுன அமெரிக்கர்களுக்கு பியூட்டிரேட் ஏறுச்சு, குடல்ல அழற்சி குறைஞ்சுது. கிராமத்து ஆளுங்களுக்கு அப்படியே தலைகீழ். ரெண்டே வாரம்!

தயிர் மாதிரி புளிச்ச உணவு பத்தி நீங்க கேக்கல, ஆனா எப்படியும் அடுத்து கேப்பீங்க. அமெரிக்கால ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில 36 பேர வச்சு 2021ல வெளியிட்ட ஆய்வுல, பத்து வாரம் புளிச்ச உணவு அதிகம் சாப்பிட்டவங்களுக்கு பாக்டீரியா வகைகள் கூடுச்சு, ரத்தத்துல 19 அழற்சி புரதங்கள் குறைஞ்சுது. நார் மட்டும் கூட்டினவங்களுக்கு அந்தக் காலத்துக்குள்ள வகைகள் கூடல. காரணம் இதுவா இருக்கலாம், நாரத் திங்கிற பாக்டீரியாவே முன்னாடி அழிஞ்சு போயிருந்தா நார் மட்டும் போட்டு என்ன பண்றது? அதனால ரெண்டும் வேணும்னுதான் நான் சொல்லுவேன்.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி, எடை, மனசு, தூக்கம். மனநிலையோட சம்பந்தப்பட்ட செரோட்டோனின்ங்கற வேதிப்பொருள்ல சுமார் 90 சதவீதம் குடல்லதான் உருவாகுதுங்கறது உண்மை. ஆனா அந்த செரோட்டோனின் ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள போகாது, இத மட்டும் விட்டுட்டு சொல்லுவாங்க. குடலுக்கும் மூளைக்கும் நரம்பு வழியா பேச்சுவார்த்தை நடக்குது, அதுல சந்தேகம் இல்ல, ஆனா இத சாப்பிட்டா மனச்சோர்வு போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எடைலயும் அதேதான், குண்டானவங்க பாக்டீரியாவ எலிக்கு மாத்தினா எலிக்கு கொழுப்பு ஏறுச்சு, மனுஷனுக்கு அவ்ளோ சுலபமா வேலை செய்யல.

நீங்க செய்ய வேண்டியது இதுதான். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 25 கிராம் நார் வேணும்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது. ஆனா நாளைக்கே 25க்கு தாவிடாதீங்க, ஏற்கனவே உப்புசம்னு எழுதியிருக்கீங்க, திடீர்னு கூட்டினா கேஸ் தாங்காது. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, தண்ணியும் கூடவே கூட்டுங்க, இல்லன்னா மலச்சிக்கல் இன்னும் மோசமாகும். பருப்பு, பயறு, முழு தானியம், காய், பழம், கொட்டைன்னு மாத்தி மாத்தி சாப்பிடுங்க, ஒரே நார் பவுடர கரைச்சு குடிச்சுட்டு முடிஞ்சுதுன்னு இருக்க வேண்டாம், ஒவ்வொரு வகை பாக்டீரியாவும் ஒவ்வொரு வகை நார் கேக்கும். ஐபிஎஸ் (IBS, அடிக்கடி வயித்து வலி, உப்புசம், மலம் போறதுல கோளாறு வர்ற குடல் பிரச்சனை) இருக்குன்னு டாக்டர் ஏற்கனவே சொல்லியிருந்தா மட்டும் டயட்டீஷியன கேட்டுட்டு பண்ணுங்க, ஐபிஎஸ் இருக்குற நிறைய பேருக்கு சில பயறு, வெங்காயம், பூண்டு ஒத்துக்காது.

கடைசியா ஒண்ணு, இத சாதாரணமா விட்டுடாதீங்க. ஆன்ட்டிபயாட்டிக் முடிஞ்சு சில வாரத்துக்குள்ள ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ தண்ணியா போச்சுன்னா, கூட காய்ச்சல், வயித்து வலி, ரத்தம் இருந்தா, வீட்ல தயிர் சாப்பிட்டு பாத்துட்டு இருக்காதீங்க. க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்னு ஒரு கிருமி, நல்ல பாக்டீரியா அழிஞ்ச இடத்துல வளந்துடும். மலத்த டெஸ்ட் பண்ணா தெரிஞ்சுடும், அதுக்கு மருந்து தனி, டாக்டர பாத்துதான் ஆகணும்.