சைகையைப் பார்க்காமல் வீசிய பிட்சரும், பிடித்த கேட்சரும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர், பேஸ்பால் கேட்சர். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் அவர் ஆடியது 42 ஆட்டங்கள், 1884இல், டொலிடோ நகர அணிக்காக. அவர் ஒரு கறுப்பினத்தவர்.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கேட்சர் என்பவர் நம் விக்கெட் கீப்பர் மாதிரி, பேட்டருக்குப் பின்னால் குந்தியிருப்பார். ஆனால் அடுத்த பந்து எப்படி வரவேண்டும் என்று பிட்சருக்கு, அதாவது பந்து வீசுபவருக்கு, விரலால் சொல்வதும் அவர்தான். இதோ, என் கையைப் பாருங்கள். இப்போதைய வழக்கப்படி ஒரு விரல் என்றால் வேகப்பந்து, இரண்டு என்றால் வளைந்து வருவது. என்ன வரப்போகிறது என்று தெரிந்தால்தான் கை சரியான இடத்துக்குப் போகும்.

டொலிடோவின் முக்கியப் பிட்சர் டோனி முல்லேன். அந்த ஒரு சீசனில் 36 வெற்றி. பல வருடம் கழித்து அவரே ஒப்புக்கொண்டார்: தன்னோடு ஆடியவர்களிலேயே சிறந்த கேட்சர் வாக்கர்தான், ஆனால் கறுப்பினத்தவரைப் பிடிக்காததால் அவருடைய சைகையைப் பார்க்காமலே நினைத்ததை வீசினேன் என்று.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. இன்றைக்கு இருக்கிற மெத்தென்ற கையுறை அன்று கிடையாது. வெறுங்கை, மிஞ்சிப்போனால் மெல்லிய தோல். அந்தக் கையோடு, எது வரும் என்றே தெரியாமல், பந்துக்குப் பந்து குந்தி உட்கார்ந்திருக்கிறார் மனிதர். அப்படியும் பேட்டிங்கில் சராசரி .263, அதாவது ஏறக்குறைய நான்கு முயற்சிக்கு ஒரு ஹிட்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1883 ஆகஸ்டில், சிகாகோ அணி டொலிடோவுக்கு ஒரு காட்சி ஆட்டம் ஆட வந்தது. வாக்கர் களத்தில் இருந்தால் ஆடமாட்டேன் என்றார் அதன் கேப்டன் கேப் ஆன்சன். கையில் அடிபட்டிருந்த வாக்கருக்கு அன்று ஓய்வு கொடுப்பதாகத்தான் இருந்தார்கள். இதைக் கேட்டதும் டொலிடோ மேனேஜர் சார்லி மார்டன் வேண்டுமென்றே அவரை ரைட் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வலது வெளிப்பக்கத்தில், ஃபீல்டராக இறக்கிவிட்டார். ஆடாவிட்டால் டிக்கெட் பணத்தில் பங்கு கிடையாது என்றதும் ஆன்சன் ஆடினார். மார்டனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. காயங்கள் சேர்ந்தன, 1884 சீசன் முடிவதற்குள் அணி அவரை விடுவித்துவிட்டது. 1887இல், அவர் அப்போது ஆடிக்கொண்டிருந்த, மேஜர் லீக்குக்குக் கீழ்மட்டமான இன்டர்நேஷனல் லீக்கில், கறுப்பின வீரர்களோடு இனிப் புதிய ஒப்பந்தம் போடுவதில்லை என்று உரிமையாளர்கள் வாக்களித்தார்கள். மேஜர் லீக்கின் கதவு மறுபடி திறந்தது 1947இல், ஜாக்கி ராபின்சனுக்கு.

வாக்கர் 1924இல் இறந்தார். ஒஹாயோவின் ஸ்டூபன்வில்லில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வந்தது 1990இல். அவர் படித்த ஓபர்லின் கல்லூரிக்காரர்கள் வைத்தது.

அவருடைய தம்பி வெல்டேயும் அதே டொலிடோ அணியில் சில ஆட்டங்கள் ஆடியவர். 1888இல் இன்னொரு லீக்கில் வந்த இதேமாதிரித் தடையை எதிர்த்து அவர் ஒரு கடிதம் எழுதினார். அடுத்த வீடியோ முழுக்க அந்தக் கடிதம்தான்.