முணுமுணுக்க வராத மெட்டா? சோண்ட்ஹைம் அணியின் வாதம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சுண்டல் பொட்டலத்தை இன்னும் பிரிக்காமல் எனக்காகக் காத்திருக்கும் ரசிகப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

மேடை இசை நாடகத்தில் விஞ்சி நிற்பவர் இங்கிலாந்து இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாய்ட் வெப்பரா, அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீபன் சோண்ட்ஹைமா? இதுதான் இன்றைய வழக்கு. இருவருமே மார்ச் 22இல் பிறந்தவர்கள். சோண்ட்ஹைம் 1930, வெப்பர் 1948. ஆகவே நாள் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வழியில்லை ஐயா, பாட்டைக் கேட்டுத்தான் சொல்லியாக வேண்டும்.

எதிரணித் தலைவர் கணக்கு நோட்டோடு வந்தார். வெப்பரின் 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஆப்பரா', நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் 1988 முதல் 2023 வரை 13,981 காட்சிகள் ஓடியதாம். சோண்ட்ஹைமின் 'மெரிலி வீ ரோல் அலாங்' 1981இல் 16 காட்சிகளோடு மூட்டை கட்டியதாம். சரி, உண்மைதான். அதே 'மெரிலி' பிராட்வேக்குத் திரும்பி வந்து, 2024இல் சிறந்த மறுமேடையேற்றத்துக்கான, அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனியை வாங்கியதே, அதைச் சொல்லத்தான் அவருக்கு நேரம் போதவில்லை போலிருக்கிறது!

அப்புறம், நம்ம ஏ.ஆர். ரஹ்மானை 'பாம்பே ட்ரீம்ஸ்' மூலம் 2002இல் லண்டன் மேடைக்கு அழைத்துப் போனவர் வெப்பர் என்றார். அரங்கமே கை தட்டியது, நானும்தான் தட்டினேன். ஆனால் அந்தக் கைதட்டல் தயாரிப்பாளர் வெப்பருக்குச் சேர வேண்டியது. இங்கே கூண்டில் நிற்பவர் இசையமைப்பாளர் வெப்பர்.

இனி பெரிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். சோண்ட்ஹைம் பாட்டு முணுமுணுக்க வராது என்கிறார்கள். அப்படியானால் 'சென்ட் இன் த க்ளௌன்ஸ்' பாட்டை என்ன செய்வது? சினாட்ரா பாடினார், ஜூடி காலின்ஸ் பாடினார், 1976இல் ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமியும் வாங்கியது. அது பிறந்த விதத்தைக் கேளுங்கள். 1973, 'எ லிட்டில் நைட் மியூசிக்'. கதாநாயகி டெசிரே, இளமை கடந்த நாடக நடிகை. பழைய காதலனிடம், சேர்ந்து வாழலாமா என்று மனசைத் திறக்கிறாள். அவனோ கட்டிக்கொண்ட இளம் பெண்ணை விட முடியாமல் தவிக்கிறான். அந்த வேடத்தில் கிளினிஸ் ஜான்ஸ். குரலில் வெள்ளி மாதிரி ஒரு மினுக்கு உண்டு, ஆனால் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும் மூச்சு கிடையாது. வேறொருவர் என்றால் ஆளை மாற்றியிருப்பார், இல்லாவிட்டால் வாத்தியங்களை ஏற்றிக் குரலை அமுக்கியிருப்பார். சோண்ட்ஹைம் அடிகளைச் சின்னச் சின்னதாக நறுக்கினார். பல அடிகளைக் கேள்வியாக முடித்தார். கேள்வியை நீட்ட வேண்டியதில்லை, கேட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு அது நடிகையின் மூச்சுக் குறையாகவா தெரிகிறது? ரோஷக்காரி ஒருத்தி அழுகையை விழுங்கி விழுங்கிப் பேசுவதாக அல்லவா தெரிகிறது!

1979இன் 'ஸ்வீனி டாட்' இன்னும் ஒரு படி மேல். பொய்க் குற்றம் சாட்டி நாடு கடத்தப்பட்ட சவரத் தொழிலாளி லண்டனுக்குத் திரும்பி வருகிறான். குடும்பத்தைக் குலைத்த நீதிபதி, ஆள் யாரென்று தெரியாமல் அவன் நாற்காலியிலேயே வந்து உட்காருகிறார். முகத்தில் சோப்பு நுரை, கழுத்தருகே கத்தி. இந்த இடத்தில் முரசும் எக்காளமும் முழங்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? சோண்ட்ஹைம் கொடுத்தது தாலாட்டு போன்ற ஒரு மெட்டு. பெண்களின் அழகைப் பற்றி இருவரும் குரல் சேர்த்துப் பாடுகிறார்கள். மெட்டு இனிக்க இனிக்க நமக்கு வயிறு கலங்குகிறது. கத்தி இறங்கப்போகும் நொடியில் ஒருவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து காரியத்தைக் கெடுக்கிறான், நீதிபதி தப்பிவிடுகிறார். கொலை தவறிப்போனதற்காக அரங்கமே வருத்தப்படுகிறது ஐயா! நல்ல மனிதர்களை இப்படிக் கொலைக்கு உடந்தையாக்கியது எது? அந்த மெட்டுதான்.

பாத்திரத்தின் வாயில் பொருந்தாத ஒரு சொல்லைக்கூட அவரால் பொறுக்க முடியாது. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசை நாடகத்துக்கு பெர்ன்ஸ்டீன் இசை, வரிகள் சோண்ட்ஹைம். 1957, அப்போது வயது 27. அதில் 'ஐ ஃபீல் ப்ரிட்டி' இன்றைக்கும் ஊரே முணுமுணுக்கும் பாட்டு. அதை எழுதியவரோ, நியூயார்க்கின் ஏழைத் தெருவுக்கு வந்த போர்ட்டோ ரிக்கோ பெண் இப்படி எதுகை இயைபெல்லாம் போட்டு மினுக்கிப் பேசுவாளா என்று கடைசிவரை கூச்சப்பட்டுக்கொண்டிருந்தார். ஊர் கொண்டாடிய பாட்டுக்கே இந்தக் கூச்சம்!

நடுவர் மணியைப் பார்க்கிறார், ஒரே நிமிடம் ஐயா. வெப்பரின் மெட்டுகள் இனிமையானவை, மறுக்கவில்லை. ஆனால் 2000இல் 'தி பியூட்டிஃபுல் கேம்' நாடகத்தில், பெல்ஃபாஸ்ட் கால்பந்துப் பையன்களின் கதையில் வந்த ஒரு காதல் மெட்டு, 2010இல் வரிகளை மாற்றிக்கொண்டு 'லவ் நெவர் டைஸ்' நாடகத்தின் தலைப்புப் பாட்டாக வந்தது. அது ஃபேண்டத்தின் தொடர்ச்சி, கதை நடப்பது நியூயார்க்கின் கோனி ஐலண்டில். மெட்டு இரண்டு இடத்திலும் பொருந்திவிட்டது என்றால், அது யாருடைய மெட்டு? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு, அந்தக் காட்சிக் கணக்கைத் திறக்கட்டும்.

நன்றி, வணக்கம்.