வன்னிக் குளங்களைக் குடிப்பது வெயிலா, காற்றா? ஏப்ரல் முதல் ஜூன் வரை என்ன நடக்கும்?

வணக்கம் உறவுகளே! சித்திரை வருடப் பிறப்பன்று ஒரு வேலை செய்து பாருங்கள். முற்றத்தில் ஒரு தடியை நேராக நட்டுவிட்டு, மதியம் 12 மணி 10 நிமிடம் வரை காத்திருங்கள். தடியின் நிழலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நிமிர்ந்து நின்றால் உங்கள் நிழலும் காலடியை விட்டு வெளியே வராது.

(திரையில்: இலங்கை வரைபடம். சூரியன் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது.)

ஏப்ரல் 5ஆம் திகதியளவில் தெய்வேந்திரமுனைக்கு நேர் மேலே வருகிற சூரியன், நாளுக்கு நாள் வடக்கே ஏறுகிறது. 12ஆம் திகதி வவுனியா, 13ஆம் திகதி மன்னார், 14ஆம் திகதி கிளிநொச்சி. மூன்றே நாளில் வன்னியைக் கடந்துவிடும். வருடத்துக்கு வருடம் ஒரு நாள் முன்பின்னாகலாம். வருடப் பிறப்பும் உச்சிச் சூரியனும் ஒன்றாக வந்து சேர்கிற மண் எங்களுடையது. எனக்கு இதை எத்தனை தரம் சொன்னாலும் அலுப்பதில்லை.

சரி, வெயிலுக்கு வருவோம். இந்த நாட்களில் 34, 35 பாகை செல்சியஸ் சாதாரணம். கூடவே ஈரப்பதனும் இருக்கிறது. 34 பாகையும் 60 சதவீத ஈரப்பதனும் சேர்ந்தால் உடம்பு உணர்வது 41 பாகையளவு வெப்பத்தை. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் என்று அறிவிப்பது இதைத்தான். வயலில் நிற்பவர்கள் 11 மணியிலிருந்து 3 மணி வரை நிழலுக்கு வந்துவிடுங்கள், தயவுசெய்து.

அப்புறம், பின்னேரத்து இடிமழை. மன்னார்ப் பக்கமிருந்து ஒரு கடற்காற்றும் முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு கடற்காற்றும் உள்ளே வந்து, நடுவில் முட்டிக்கொண்டு மேலே எழும்புகின்றன. அதுதான் 2 மணிக்குப் பிறகு கறுக்கிற அந்த மேகம். ஏப்ரலில் மின்னல் மிகவும் பொல்லாதது. இடி கேட்டால் வயல் வெளியிலும் மரத்தடியிலும் நிற்கவே வேண்டாம்.

இந்த மழையைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் தண்ணிக்குப் பயமில்லை" என்று சிறுபோகத்துக்குக் காணியைக் கூட்டி விதைக்க நினைக்கிறவர்களுக்காகத்தான் நான் இந்த வீடியோவையே செய்கிறேன். ஏனென்றால் மே கடைசியில் வருகிறது சோளகக் காற்று, அதாவது தென்மேல் பருவக்காற்று.

(திரையில்: வெள்ளத்தில் மூழ்கிய தெரு ஒரு பக்கம், புழுதி பறக்கும் வீதி மறுபக்கம்.)

ஒவ்வொரு வருடமும் பார்ப்பீர்கள். தொலைக்காட்சியில் இரத்தினபுரியில் வெள்ளம், களுத்துறையில் வெள்ளம். அதே கிழமை எங்கள் பக்கம் புழுதி. அங்கே மழையைக் கொட்டுவதும் இங்கே மண்ணை வாரி இறைப்பதும் ஒரே தென்மேல் பருவக்காற்றுத்தான்! மத்திய மலைநாடு மறைப்பதால்தான் எங்களுக்கு மழை இல்லை என்று பலர் சொல்வார்கள். மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் அது பொருந்தும். எங்களுக்கு விஷயம் வேறு. சோளகம் வன்னிக்குள் வரும் வழியில் மலையே இல்லை. ஈரக் காற்று மழையாக வேண்டுமென்றால் அது உயர ஏற வேண்டும், ஏறினால்தான் குளிரும். இரத்தினபுரியில் மலை அதை ஏற்றிவிடுகிறது. எங்கள் தட்டையான நிலத்தில் ஏற எதுவும் இல்லாமல், ஈரத்தைக் கையோடு வைத்துக்கொண்டே கடந்து போகிறது. மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளை நட்டு 103.5 மெகாவாட் கொள்ளளவில் மின்நிலையம் அமைத்ததும் இந்தக் காற்றை நம்பித்தான்.

போகிற காற்று சும்மா போகாது. வெயில் குளத்து நீரை ஆவியாக்கும். ஆனால் காற்று அசையாவிட்டால் அந்த ஆவி நீருக்கு மேலேயே படர்ந்து நின்று, மேலும் ஆவியாவதைக் குறைக்கும். சோளகம் அதை இரவு பகலாக வழித்துக்கொண்டு போய்விடுகிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் நீர் போகிறது என்று வைப்போம். வரண்ட காலத்துக்கு இது அதிகமே இல்லை. ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பில் அது 20,000 லீற்றர். உங்கள் ஊர்க் குளத்தின் நீர்ப்பரப்பு 50 ஏக்கர் என்றால், ஒரு நாளைக்குப் பத்து இலட்சம் லீற்றர். 10,000 லீற்றர் பவுசரில் நிரப்பினால் நூறு பவுசர்! ஒரு வாய்க்காலும் திறக்காமல், ஒரு வயலும் நனையாமல், தினமும் நூறு பவுசர் தண்ணீர் வானத்துக்குப் போகிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு குளத்தைப் பார்க்கிற என் பார்வையே மாறிவிட்டது.

மே மாதம் எப்போதும் வரண்டதுதான் என்றும் எழுதி வைத்துவிடாதீர்கள். 2016 மே நடுப்பகுதியில், பின்னர் ரோனு புயலாக மாறிய தாழமுக்கம் கிளிநொச்சியில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படி ஒன்று எல்லா வருடமும் வராது. அதை நம்பி விதைக்க முடியாது.

ஆகவே சிறுபோகக் கூட்டத்தில் இத்தனை ஏக்கர்தான் என்று முடிவெடுத்தால், அதற்கு மேல் ஒரு துண்டும் விதைக்க வேண்டாம். இரணைமடுவாக இருந்தாலும் சரி, சின்னக் குளமாக இருந்தாலும் சரி. கூட்டி விதைத்தால் ஜூலையில் காய்வது வாய்க்காலின் கடைசியில் இருக்கிறவருடைய வயல். அவர் உங்கள் அயலவர். மேட்டுக் காணியில் பயறு, எள்ளு, கௌபி போடுங்கள். நெல்தான் வேண்டுமென்றால் குறுகிய கால இனத்தைப் பாருங்கள். மாடுகளுக்கென்று குளத்தில் கொஞ்சம் நீரை விட்டு வைக்கும்படி கூட்டத்திலேயே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

இந்த வீடியோவை உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் கூட்டத்துக்கு முதலே போட்டுவிடுங்கள். உங்கள் குளத்தில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று குளத்தின் பெயரோடு கீழே எழுதுங்கள். வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரை ஆட்கள் கட்டாயம் எழுதுங்கள். ஜூன் கடைசியில் அதே குளங்களின் அளவைத் திரும்பக் கேட்பேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.