ஆருக்கு மக்களே பொறந்தநாளு?

நேயர்களுக்கு வணக்கம்.

போன வருஷம் மே மாதம் இரண்டாவது ஞாயிறு. வளைகுடாவில் வேலை பார்க்கும் என் தம்பி, பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளையில் இருக்கும் அம்மாவுக்கு ஆன்லைனில் ஒரு கேக் அனுப்பினான். பைக்கில் வந்த பையன் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனதும், அம்மா எனக்குப் போன் போட்டாள். “ஆருக்கு மக்களே இன்னைக்குப் பொறந்தநாளு?” அன்னையர் தினம் என்று விளக்கினேன். “சரி” என்றாள். கேக்கைத் துண்டு போட்டுத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாளாம்.

இந்த நாளைத் தொடங்கிவைத்த அமெரிக்கப் பெண்மணி அன்னா ஜார்விஸ் இதைக் கேட்டிருந்தால் என் அம்மா பக்கம்தான் சேர்ந்திருப்பார். 1905இல் அவருடைய தாய் இறந்தார். 1908 மே 10ஆம் தேதி, மேற்கு வர்ஜீனியாவின் கிராப்டன் ஊர் தேவாலயத்தில் தாய்மாருக்கென்று ஒரு வழிபாடு நடக்க ஏற்பாடு செய்து, தன் தாய்க்குப் பிடித்த வெள்ளைக் கார்னேஷன் பூக்கள் 500 அனுப்பிவைத்தார். 1914இல் அது அரசு அறிவித்த நாளானது. அப்புறம்தான் வம்பு. பூக்கடை, மிட்டாய்க்கடை, வாழ்த்து அட்டைக்காரர் என்று ஆளாளுக்குப் புகுந்துவிட, தான் கொண்டுவந்த நாளை எதிர்த்துத் தானே வருஷக்கணக்கில் சண்டை போட்டார். கையிருப்பெல்லாம் அதிலேயே கரைந்து, 1948இல் ஒரு மருத்துவ விடுதியில் இறந்தார்.

அவர் விடாப்பிடியாகச் சொன்ன இன்னொன்று, அந்த நாளின் பெயர் ஒருமையில்தான் இருக்க வேண்டும் என்பது. உலகத்துத் தாய்மாரை எல்லாம் மொத்தமாகப் புகழ வேண்டாம், அவரவர் தன் தாயை நினைத்தால் போதும் என்றார். நாமோ தமிழில் ‘அன்னையர்’ என்று பன்மையாக்கி, அவளை மேடையில் ஏற்றிவிட்டோம். எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

தாய்லாந்தில் ஆகஸ்ட் 12, அரசி சிரிகிட்டின் பிறந்தநாள்தான் அன்னையர் தினம். அன்று பள்ளிக்கூடத்துக்கே தாய்மாரை வரவழைத்து, பிள்ளைகள் காலில் விழுந்து வணங்கி மல்லிகை கொடுப்பார்கள். அவர்கள் மொழியில் அந்தப் பூவுக்குப் பெயர் ‘மலி’. நம் மல்லிக்குச் சொந்தக்காரி. தோவாளைக்காரி எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் பூ எப்போதும் அம்மா கையிலிருந்துதான் வெளியே போகும். இரண்டு பிச்சி இந்தப் பக்கம், இரண்டு பிச்சி அந்தப் பக்கம், நனைத்த வாழைநாரால் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் டிவியில் இருக்கும்; விரல் பிசகாது. அவளுக்குப் போய் யார் பூ வாங்கிக் கொடுப்பது?

செர்பியாவில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ஞாயிறன்று பிள்ளைகள் தாயைக் கயிற்றால் கட்டிப்போடுவார்கள். தின்பண்டம் கொடுத்தால்தான் விடுதலை. எங்கள் அம்மாவைச் சும்மா உட்காரவைக்கவும் அது ஒன்றுதான் வழி.

நேபாளத்தில் வைசாக மாத அமாவாசை தாய்க்குரிய நாள். தாயை இழந்தவர்கள் காத்மாண்டு அருகே மாதா தீர்த்தக் குளத்துக்குப் போய் முழுகுவார்கள். இறந்த தாயின் முகம் அந்தத் தண்ணீரில் தெரியும் என்று பழைய கதை ஒன்று உண்டு. ஆடி அமாவாசை விடியற்காலையில் நம் கன்னியாகுமரி முக்கடலில் எள்ளும் தண்ணீருமாக நிற்பவர்களையும், நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் கடற்கரை ஊர்களில் மெழுகுவர்த்தியோடு போகிறவர்களையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது எத்தியோப்பியாவின் அந்த்ரோஷ்த் விழா. மழைக்காலம் ஓய்ந்ததும் வெளியூர்ப் பிள்ளைகள் வீடு திரும்புவார்கள். பெண்மக்கள் காய்கறி, வெண்ணெய், பாலாடைக்கட்டி கொண்டுவர, ஆண்மக்கள் கறி கொண்டுவர, எல்லாம் சேர்ந்து ஒரே சமையலாகும். நாம் ஊருக்குப் போனால், அம்மா கொடுக்கும் தேங்காயும் முருங்கைக்காயும் கருப்பட்டியும்தானே பையை நிரப்பித் திரும்பி வரும்!

அம்மா இப்போது பூ கட்டிக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மா, ஞாயிற்றுக்கிழமை நான் வாறேன். கேக் கிடையாது. மரச்சீனிக் கிழங்கும் சாளை மீனும் நானே வாங்கிட்டு வாறேன். அடுப்புப் பக்கம் போகாதே.