மீன் ஏன் எப்போதும் அதே இடுக்கில் சிக்குகிறது? பல்லின் உள்ளமைப்பும் பராமரிப்பும்

[திரை: மத்தியானச் சாப்பாடு முடிந்த கோப்பை. ஓரத்தில் சூரை மீன் முள். ஒரு கை ஈர்க்கு விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை முறிக்கிறது.]

குரல்: திருமலையில் மீன்குழம்பும் சோறும் முடிந்த கையோடு நடக்கும் காரியம் இது. எந்தப் பல்லிடுக்கு என்று கேட்டால் நாக்கு நுனியாலேயே தொட்டுக் காட்டுவார்கள். நேற்றும் அதே இடம், போன கிழமையும் அதே இடம்.

நல்ல பல் பக்கத்துப் பல்லோடு இறுக்கமாக முட்டிக்கொண்டு நிற்கும். அந்த முட்டு விட்டுப்போனால்தான் மீன் நார் உள்ளே இறங்கும். பல்லின் பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் சூத்தை விழுந்திருக்கலாம். முன்பு அடைத்த பல்லின் ஓரம் உடைந்திருக்கலாம். பிடுங்கிய பல்லின் வெற்றிடத்துக்குள் அடுத்த பல் சரிந்திருக்கலாம். முரசும் எலும்பும் கீழிறங்கியிருக்கலாம். ஈர்க்கு இதில் எதையும் திருத்தாது. முரசைக் குத்திக் காயப்படுத்துவதுதான் மிச்சம்.

[திரை: திறந்த வாயின் வரைபடம். கீழ்த்தாடையின் வலப்பக்கம் மட்டும் நிறம் பெறுகிறது.]

குரல்: கண்ணாடி முன் நின்று கீழ்த்தாடையின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். வெட்டும் பல் 2, வேட்டைப்பல் 1, முன்கடைவாய்ப் பல் 2, கடைவாய்ப் பல் 3. மொத்தம் 8. வாயில் இப்படி நாலு பகுதி, ஆகவே 32. கடைசிக் கடைவாய்ப் பல்தான் ஞானப்பல். அது சிலருக்கு முளைப்பதே இல்லை, சிலருக்குச் சரிந்து பாதியில் நின்றுவிடும். குழந்தைகளுக்குப் பாற்பல் 20.

பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஆறு வயதளவில் கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் வரும். அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் அதையும் பாற்பல் என்று நினைத்து, சூத்தை விழுந்தாலும் "விழுந்து முளைக்கும்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது முதலாவது நிரந்தரக் கடைவாய்ப் பல். போனால் போனதுதான். அதன் மேற்பரப்பில் பள்ளங்கள் ஆழமானவை, பிரஷின் தும்பு அடிவரை போகாது. பல் முழுதாக வெளிவந்ததும் அந்தப் பள்ளங்களை மெல்லிய பூச்சால் மூடிவிடலாம். துளைப்பதும் இல்லை, ஊசியும் இல்லை. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் விசாரியுங்கள்.

[திரை: நெடுக்காக வெட்டிய கடைவாய்ப் பல். படைகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

குரல்: இனி உள்ளே போவோம். வெளிப்படை மிளிரி. உடலில் இதைவிடக் கடினமான பொருள் இல்லை. நிறையில் ஏறத்தாழ 96 வீதம் கனிப்பொருள். கடைவாய்ப் பல்லின் முகட்டில் இரண்டரை மில்லிமீற்றர் வரை தடிப்பு, முரசுக்கு அருகில் கத்தி விளிம்பு போல மெலிந்துவிடும். இதை உருவாக்கிய கலங்கள் பல் முளைக்கும்போதே அழிந்துபோகின்றன, ஆகவே குழி விழுந்த மிளிரி திரும்ப வளராது. நரம்பும் இதில் கிடையாது. இந்தப் படையைச் சூத்தை அரிக்கும்போது உங்களுக்கு எதுவுமே தெரியாது.

அடுத்தது பன்முதல். எலும்பை ஒத்தது, மிளிரியைவிட மெது. மச்சையை, அதாவது பல்லின் நடுவிலுள்ள மென்மையான சதையை நோக்கி ஓடும் நுண்ணிய குழாய்கள் இதற்குள் இலட்சக்கணக்கில் உண்டு. குளிரும் இனிப்பும் பட்டதும் அவற்றிலுள்ள திரவம் அசையும். பல் கூசுவது அதனால்தான்.

நடுவில் மச்சைக் குழி. குருதிக் கலன்களும் நரம்பும் வேரின் நுனித் துவாரத்தால் இங்கே வருகின்றன. கையில் அடிபட்டால் கை வீங்க இடமுண்டு. மச்சை வீங்கினால் சுற்றிலும் சுவர். பல்லுக்கொதி தலைக்குள் அடிப்பதும், இரவில் படுத்ததும் கூடுவதும் அந்த அமுக்கத்தால்.

வேரை எலும்போடு பிணைப்பது இழைகளாலான ஓர் இணைப்புப் படை. தடிப்பு ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர். சோற்றில் ஒரு மணல் கடிபட்டால் உடனே தாடை நின்றுவிடுகிறதல்லவா? அந்தச் சேதியில் பெரும்பங்கு இந்த இழைகளின் நரம்பு அனுப்புவது.

[திரை: கடை மேசையில் பிளேன்டீ. பக்கத்தில் மணிக்கூடு. அமில வரைபடம் கீழே சரிந்து மெல்ல ஏறுகிறது.]

குரல்: சூத்தையை உண்டாக்குவது புழு அல்ல. பல்லில் ஒட்டும் பிசுபிசுப்பான படலத்தில் வாழும் பற்றீரியா, நீங்கள் தின்னும் சீனியைத் தின்று அமிலம் விடுகிறது. சில நிமிடங்களில் படலத்தின் பீஎச் 5.5க்குக் கீழே இறங்கும் (பீஎச் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்). அங்கே மிளிரியிலிருந்து கல்சியமும் பொசுபேற்றும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதை மீட்டெடுக்க அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை வேண்டும்.

கணக்கு இங்கேதான் பிழைக்கிறது. காலையில் ஒரே மூச்சில் குடித்த இரண்டு கரண்டிச் சீனித் தேநீர் பல்லை ஒருமுறைதான் தாக்கும். அதே தேநீரைக் கடையில் உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் உறிஞ்சினால் அந்த நேரம் முழுக்கப் பல் அமிலத்தில் கிடக்கும். நாளுக்கு எத்தனை கரண்டி என்பதோடு எத்தனை தடவை என்றும் எண்ணுங்கள். பணிஸும் பிஸ்கட்டும் சாப்பாட்டோடு சேரட்டும், இடைநேரத்தில் வெறும் தண்ணீர். பால்போத்தலை வாயில் வைத்தபடி உறங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்கள்தான் முதலில் போகும்.

[திரை: ஒரே பல் ஐந்து நிலைகளில்.]

குரல்: முதலில் முரசோரமாகச் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைத் தழும்பு வரும். இது இன்னும் குழியல்ல. புளோரைட் பற்பசையும் சீனிக் கட்டுப்பாடும் இருந்தால் இதோடு நிற்கும், கனிப்பொருள் திரும்பப் படியும். பன்முதலை எட்டினால் குளிருக்குக் கூசும், எடுத்ததும் அடங்கும். இந்த நிலையில் சாதாரண அடைப்பு போதும். குளிர் போன பின்னும் அரை நிமிடத்துக்கு மேல் கொதி நின்றால், அல்லது நித்திரையிலிருந்து எழுப்பினால், மச்சை சிக்கிவிட்டது. இனி வேர்க்குழாய்ச் சிகிச்சை, அல்லது பிடுங்குதல்.

அடுத்த நிலையில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒரு வாரம் கொதித்த பல் திடீரென்று அமைதியாகும். குணமாகிவிட்டது என்று கிளினிக் போவதை நிறுத்துவார்கள். உண்மையில் மச்சை செத்துவிட்டது, நரம்பு இல்லை, அதனால் நோவும் இல்லை. கிருமி வேர்நுனியால் எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சில மாதம் கழித்து முரசில் ஒரு பரு, அல்லது கன்னத்தில் வீக்கம். கிருமிகொல்லிக் குளிசை வீக்கத்தைத் தணிக்கலாம், செத்த மச்சையை அகற்றாது. அது உள்ளே இருக்கும்வரை வீக்கம் திரும்ப வரும்.

கராம்பெண்ணெய் ஒரு துளி பஞ்சில் வைத்தால் கொஞ்ச நேரம் மரக்கும். பனடோலை விழுங்குங்கள், பெரியவருக்கு ஒரு தடவைக்கு இரண்டு, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். அஸ்பிரினைப் பல்லோரம் அதக்கி வைக்காதீர்கள், முரசு வெந்து வெளுத்துவிடும். காய்ச்சலோடு தாடைக்குக் கீழே வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டம், கண் மூடும் அளவுக்குக் கன்னம் பெருத்தல், இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

[திரை: முரசும் பல்லும் சந்திக்கும் கோடு, மிக அருகில்.]

குரல்: பல் தீட்டும்போது இரத்தம் வந்தால் அந்த இடத்தைத் தவிர்ப்பதே வழக்கம். நேர்மாறாகச் செய்ய வேண்டும். படலம் தங்கியதால்தான் முரசு வீங்கிக் கசிகிறது. மெதுவாக, ஒழுங்காகத் தீட்டினால் ஒன்றிரண்டு கிழமையில் நிற்கும். நிற்காவிட்டால் காரை, அதாவது கல்லாக இறுகிய படலம், பிடித்திருக்கும், அதைப் பிரஷால் எடுக்க முடியாது. "காரை எடுத்தால் பல்லு ஆடும்" என்ற பயம் ஊரெல்லாம் உண்டு. எலும்பு முன்பே கரைந்திருக்க, காரைதான் இரண்டு பல்லையும் சீமெந்து போலப் பிடித்து வைத்திருந்தது. எடுத்ததும் உண்மை தெரிகிறது, அவ்வளவுதான். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு முரசு நோய் வேகமாக முற்றும், முரசு நோய் இருந்தால் குருதிச் சீனியை அடக்குவதும் கஷ்டமாகும்.

[திரை: மென்மையான பிரஷ், பட்டாணி அளவு பற்பசை.]

குரல்: மென்மையான தும்பு, சிறிய தலை. பற்பசை ரியூப்பில் புளோரைட் அளவு 1000 முதல் 1500 பி.பி.எம் என்று இருக்கிறதா பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு, ஆறுவரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டும் நீளம் தேவையில்லை.

தும்பு பாதி பல்லிலும் பாதி முரசிலும் படும்படி 45 பாகை சரித்து வையுங்கள். இரண்டு பல் அகலத்துக்குச் சின்னச் சின்ன அசைவு, பிறகு கடிக்கும் பக்கமாக ஒரு துடைப்பு, அடுத்த இரண்டு பல். வெளிப்பக்கம், உட்பக்கம், அரைக்கும் பரப்பு என்று மொத்தம் இரண்டு நிமிடம். பலர் தவறவிடுவது கீழ் முன்பல்லின் உட்பக்கம். காரை முதலில் பிடிப்பதும் அங்கேதான். முடிந்ததும் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள், புளோரைட் கழுவுப்பட்டுப் போகும். நித்திரையில் உமிழ்நீர் குறைவதால் இரவுத் தீட்டல் தவறவே கூடாது. மாங்காயோ புளிப்பான பானமோ சாப்பிட்டால் அரை மணித்தியாலம் பொறுத்துத் தீட்டுங்கள்.

கரி, உப்பு, செங்கல் தூள் பல்லை வெளுப்பிப்பது போலத் தெரியும். தேய்ந்து போவது மிளிரி. பல்லின் கழுத்தில் ஆப்பு வடிவக் குழி விழுந்தவர்களின் பிரஷைப் பாருங்கள், கல்லு மாதிரி இருக்கும். ஈர்க்கின் இடத்துக்கு பல் நூலோ இடைப்பல் பிரஷோ வரட்டும். நூலை இடுக்கில் அறுப்பதுபோல அழுத்தாமல், ஒரு பல்லை அணைத்து மேலும் கீழும் இழுங்கள்.

குடிநீர் பற்றி ஒரு வார்த்தை. உலர் வலயத்தின் சில கிணறுகளில் புளோரைட் கூடுதல். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். எட்டு வயதுக்குள் இதற்கு மேல் குடித்தால் நிரந்தரப் பற்களில் வெள்ளை, கபிலத் தழும்பு விழும். கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடும். கிணற்றைச் சோதிப்பதே வழி.

[திரை: வெற்றிலைத் தட்டு. பாக்கு, சுண்ணாம்பு.]

குரல்: வெற்றிலை போட்டால் பல் கெட்டிப்படும் என்பார்கள். பாக்கு பல்லைத் தேய்க்கும், சுண்ணாம்பு முரசை எரிக்கும். புகையிலை சேராத வெற்றிலைக்கூட்டையும் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் முதல் வகுப்பில் வெளியிட்டது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் ஒன்று. உங்கள் மூன்று விரல்களை நிமிர்த்தி மேல், கீழ் முன்பல்லுக்கு இடையே வைத்துப் பாருங்கள். நுழையாமல் வாய் இறுகினாலோ, மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தாலோ பொது வைத்தியசாலைப் பற்சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள்.

[திரை: டச்பே கடற்கரை. பிள்ளைகளின் கிரிக்கெட். பந்து ஒரு பிள்ளையின் வாயில் படுகிறது.]

குரல்: பல் முழுதாகக் கழன்று விழுந்தால் தேடி எடுங்கள். வெள்ளைப் பகுதியைப் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள், மண்ணைச் சுரண்டாதீர்கள். பாலில், இல்லாவிட்டால் ஓடும் தண்ணீரில் சில வினாடி அலசி, அதே குழியில் சரியான முகமாகச் செருகி, துணி ஒன்றைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பால் பெட்டி ஒன்று வாங்கிப் பல்லை அதற்குள் போடுங்கள். கடதாசியில் சுற்றினால் வேர்மேலுள்ள இழைகள் காய்ந்து செத்துவிடும். அரை மணித்தியாலத்துக்குள் வைத்தியரிடம் சேர்க்கப் பாருங்கள். விழுந்தது பாற்பல்லானால் திரும்பச் செருக வேண்டாம், அடியில் வளரும் பல் சேதமாகும். பிள்ளையை மட்டும் காட்டினால் போதும்.